ஆறு பவுன் பெட்டி ஒரு கிராமுக்கு வந்தது எப்படி?

சிமெண்டு விலை ஏறுகிறது. செங்கல் விலை ஏறுகிறது. பருப்பு விலை ஏறுகிறது. பவுன் விலையைக் கேட்கவே வேண்டாம்!

இத்தனைக்கும் நடுவே ஒரு பொருள் மட்டும் எதிர்த் திசையில் நடக்கிறது. பெரிதாகிறது, மெலிதாகிறது, அழகாகிறது, ஆனால் விலை மட்டும் இறங்குகிறது. அதுதான் டெலிவிஷன் பெட்டி. அதன் தம்பியான கம்ப்யூட்டர் திரையும் அப்படியே.

இது என்ன அதிசயம்? யார் கொடுத்த தள்ளுபடி? இந்த விலை இறக்கத்தால் நம் குடும்பத்துக்கு லாபமா, நஷ்டமா? பார்ப்போம்.

ஆலங்குளத்தில் ஒரு கேள்வி

ராஜபாளையத்துக்குக் கிழக்கே, விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது ஆலங்குளம். (தென்காசிப் பக்கம் இருக்கும் ஆலங்குளம் வேறு.) இந்த ஊரின் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது சிமெண்டு ஆலை. அரசாங்கத்தின் இந்த ஆலை 1970-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 1976-ல் தமிழ்நாடு சிமெண்டுக் கழகம் அமைந்ததும் ஆலை அதன் கைக்கு வந்தது.

சிமெண்டு எப்படி வருகிறது? சுண்ணாம்புக் கல்லை வெட்ட வேண்டும். அரைக்க வேண்டும். பெரிய சூளையில் நிலக்கரி போட்டு எரிக்க வேண்டும். ஒரு டன் சிமெண்டு வேண்டுமானால் ஒரு டன்னுக்கு மேல் கல் வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரர் ஆலையை நடத்தினாலும் கல்லைக் குறைக்க முடியாது. நெருப்பையும் ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. கல்லுக்கும் கரிக்கும் லாரிக்கும் விலை ஏறினால் மூட்டைக்கும் விலை ஏறத்தான் செய்யும்.

டெலிவிஷன் பெட்டியின் கதை வேறு. அதில் கனமான சரக்கு குறைந்துகொண்டே வருகிறது. வேலை நுணுக்கம்தான் கூடுகிறது. 21 அங்குலப் பழைய பெட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இன்றைய 32 அங்குலப் பெட்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறலாம்.

சரக்கு விலை ஏறும். நுணுக்கத்தின் விலை பழகப் பழக இறங்கும். நம் கதையின் வேர் இதுதான்.

அன்று ஆறு பவுன்!

இந்தியாவில் டெலிவிஷன் முதன் முதலாக டில்லியில் 1959 செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கியது. சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்டு 15-ல். கலர்ப் படம் நாடு முழுவதும் தெரிந்தது 1982-ல். அந்த ஆண்டு ஆகஸ்டில் சுதந்திர தின விழா கலரில் வந்தது. நவம்பரில் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டி கலரில் வந்தது.

அப்போது ஒரு கலர்ப் பெட்டி எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் விற்றது. அன்று ஒரு பவுன் 1,300 ரூபாயை ஒட்டி இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெட்டியின் விலை ஆறு பவுன்! ஒரு பெண்ணுக்குப் போடும் நகையை விற்றால்தான் ஒரு பெட்டி.

காசு இருந்தாலும் எங்கள் பக்கத்து ஊர்களில் அன்று படம் பிடிக்காது. சென்னை நிலையத்தின் ஒளிபரப்பு இவ்வளவு தூரம் வராது. தென் கடலோர ஊர்களில் உயரமான குழாய் நட்டு, ஆண்டெனா கட்டி, பூஸ்டர் போட்டு, இலங்கையின் ரூபவாகினியைப் பிடித்துப் பார்த்தார்கள். அந்த நிலையம் 1982 பிப்ரவரியில் தொடங்கியது. 1980-களின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையில் பெரிய ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகுதான் தென் மாவட்டங்களில் சென்னை நிகழ்ச்சி தெளிவாகத் தெரிந்தது.

சாலிடேர், டயனோரா என்ற பெயர்கள் ஞாபகம் இருக்கிறதா? இரண்டும் சென்னைப் பெட்டிகள். மரச் சட்டம், இழுத்து மூடும் கதவு, மேலே பூப்போட்ட துணி. தெருவுக்கு ஒரு வீட்டில் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை மாலை சினிமாப் படம் என்றால் அந்த வீட்டில் உட்கார இடம் இருக்காது.

இன்று ஒரு கிராம்!

2025-ல் ஒரு 32 அங்குல எல்.இ.டி. பெட்டி பத்தாயிரம் ரூபாயை ஒட்டியே கிடைத்தது. பெயர் பெற்ற கம்பெனிப் பெட்டி என்றால் சில ஆயிரம் கூடுதல். அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் ஒரு கிராம் ஆபரணத் தங்கம் 11,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆறு பவுன் எங்கே, ஒரு கிராம் எங்கே!

"தங்கம் தாறுமாறாக ஏறியதால் அப்படித் தெரிகிறது" என்று யாராவது சொல்லலாம். அது உண்மைதான். தங்கத்தை விட்டுவிடுங்கள், ரூபாயிலேயே பாருங்கள். நாற்பத்து மூன்று ஆண்டுகளில் அரிசி விலை என்ன ஆயிற்று? கொத்தனார் கூலி என்ன ஆயிற்று? எல்லாம் பல மடங்கு ஏறின. பெட்டியின் விலை மட்டும் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதுவும் அளவில் பெரிய பெட்டி, தெளிவில் பல மடங்கு நல்ல பெட்டி!

குழாய்ப் பெட்டி போனது ஏன்?

பழைய பெட்டியின் உயிர் 'பிக்சர் டியூப்.' பிரௌன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1897-ல் செய்த குழாய்தான் அதற்கு மூதாதை. காற்றை உறிஞ்சி எடுத்த கனமான கண்ணாடிக் குழாய் அது. பின்னால் இருந்து மின் அணுக்கள் பாயும். முன்பக்கக் கண்ணாடியில் பூசிய மருந்தில் அவை பட்டதும் ஒளி வரும். படம் அகலமாக வேண்டுமானால் குழாய் நீளமாக வேண்டும். அதனால்தான் பெட்டிக்குப் பின்னால் அவ்வளவு பெரிய முதுகு!

புதிய பெட்டியில் குழாய் இல்லை. இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடு. நடுவில் 'திரவப் படிகம்' என்ற பொருள். 1888-ல் ரைனிட்சர் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி இதன் விசித்திரக் குணத்தைக் கண்டார். இது நீர் போல ஓடும். ஆனால் கல்கண்டு போல அணுக்கள் ஒழுங்காக அணிவகுத்து நிற்கும். மின்சாரம் பட்டால் அந்த அணிவகுப்பு திரும்பும். ஜன்னல் கதவு போல ஒளியை விடும், தடுக்கும். எண்பது ஆண்டு கழித்து, 1968-ல், அமெரிக்காவில் ஹெய்ல்மையர் என்பவரின் குழு இதைக் கொண்டு படம் காட்டலாம் என்று அறிவித்தது. இதுதான் எல்.சி.டி.

'எல்.இ.டி. டி.வி.' என்று கடையில் சொல்கிறார்களே, அது வேறா? இல்லை. பெரும்பாலும் அதுவும் எல்.சி.டி.தான். கண்ணாடிக்குப் பின்னால் முன்பு சின்னக் குழல் விளக்கு எரிந்தது. இப்போது எல்.இ.டி. விளக்கு எரிகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். நீல ஒளி தரும் எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த ஜப்பானிய விஞ்ஞானிகள் மூவருக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த விளக்கு மலிந்ததும் பெட்டி இன்னும் மெலிந்தது. கரண்டுச் செலவும் குறைந்தது.

சிவகாசி காலண்டர் படத்தைப் பூதக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிறு சிறு வண்ணப் புள்ளிகள் தெரியும். டெலிவிஷன் படமும் அப்படிப் புள்ளிக் கோலம்தான். சாதாரண 32 அங்குலப் பெட்டியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மொத்தம் 31 லட்சம் புள்ளிகளுக்கு மேல் இருக்கின்றன. 'ஃபுல் எச்.டி.' பெட்டியில் 62 லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு புள்ளிக்கும் தனித் தனி சுவிட்சு உண்டு!

இத்தனை நுணுக்கமான பொருள் எப்படி மலிவாகக் கிடைக்கிறது? மூன்று காரணங்கள்.

முதல் காரணம்: பெரிய கண்ணாடி

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவமனைக் கட்டுத் துணி நெசவுக்குப் பேர் போனது. அங்கே யாரையாவது கேளுங்கள். துணி அகலமாக இருந்தால் ஒரே வெட்டில் பல துண்டு கிடைக்கும். மிச்சம் விழுவது குறையும்.

டெலிவிஷன் திரையும் அப்படித்தான். ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. பெரிய கண்ணாடித் தகட்டில் மொத்தமாகச் செய்து, பிறகு வெட்டுகிறார்கள். 1990-ஐ ஒட்டி இருந்த தகடு ஒரு தாம்பாளத் தட்டு அளவுதான்: 30 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர். பிறகு ஆலைக்கு ஆலை தகடு வளர்ந்தது. 220-க்கு 250 சென்டிமீட்டர் ஆனது. 2018-ல் சீனாவின் ஹெஃபெய் நகரத்து ஆலையில் 294-க்கு 337 சென்டிமீட்டர் தகடு ஓடியது. இது பத்து அடிக்குப் பதினோரு அடி அறையின் தரை அளவு! கனமோ அரை மில்லிமீட்டர்.

220-க்கு 250 தகட்டில் 65 அங்குலத் திரை மூன்றுதான் வெட்டலாம். 294-க்கு 337 தகட்டில் எட்டு வெட்டலாம். இயந்திரத்தின் ஓட்டம் ஒன்றுதான், கிடைப்பது எட்டு. பிறகு விலை இறங்காமல் என்ன செய்யும்?

இரண்டாம் காரணம்: கை பழகுவது

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கிண்டுகிறவர் சட்டிக்கு ஒரு முறை அடிப்பிடிக்க விடுவார். பால் வீண், சர்க்கரை வீண், விறகு வீண். கை பழகிய மாஸ்டர் ஒரு சட்டியையும் வீணாக்க மாட்டார். அவர் கோவா மலிவாக விற்றாலும் கட்டுப்படியாகும்.

திரை ஆலையிலும் இதே கதை. லட்சக்கணக்கான புள்ளிகளில் நாலைந்து கெட்டாலும் அந்தத் திரையை விற்க முடியாது. ஒரு தூசி போதும். புதிய வகைத் திரை வரும்போது பாதிக்குப் பாதி கழிந்துபோவதும் உண்டு. கெட்டதன் செலவு நல்லதன் தலையில் விழும். அதனால்தான் புதிய பெட்டி பயங்கர விலை விற்கிறது. கை பழகியதும் கழிவு குறைகிறது. விலை சரசரவென்று இறங்குகிறது.

மூன்றாம் காரணம்: நிறுத்த முடியாத ஆலை

அப்படி ஒரு ஹெஃபெய் ஆலை கட்ட நம் பணத்தில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் ஆகும். இவ்வளவு பணம் போட்டவர் ஆலையை மூடி வைக்க முடியுமா? வட்டி ஓடுமே! சந்தையில் விலை விழுந்தாலும் செய்து தள்ளத்தான் வேண்டும். முதலில் ஜப்பான் முந்தியது. பிறகு கொரியாவும் தைவானும் முந்தின. பிறகு சீனா முந்தியது. போட்டி போட்டு ஆலை கட்டினார்கள். திரைகள் குவிந்தன. விலை சரிந்தது.

அப்படியானால் எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்குமா? அப்படியும் இல்லை. 2020-ல் கொரோனா வந்தது. உலகமே வீட்டுக்குள் முடங்கியது. பிள்ளைகளுக்குப் பாடம் திரையில். பெரியவர்களுக்கு ஆபீஸ் வேலை திரையில். எல்லோரும் ஒரே நேரத்தில் திரை கேட்டார்கள். 2020 நடுவிலிருந்து ஓராண்டுக்குள் பல அளவுத் திரைகளின் விலை இரண்டு மடங்கு ஆயிற்று! 2022-ல் மறுபடியும் பாதாளத்துக்கு விழுந்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பெரிய டெலிவிஷன் திரைகளை நம் நாடு வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து, இங்கே பெட்டியாகப் பூட்டுகிறது. திரைக்கு டாலரில் பணம் கட்ட வேண்டும். ரூபாய் மதிப்பு இறங்கினால், அங்கே இறங்கிய விலை இங்கே முழுதாக வந்து சேராது.

வரியும் உண்டு. 2019 ஜனவரி முதல் 32 அங்குலம் வரை உள்ள பெட்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம், அதற்கு மேல் பெரிய பெட்டிக்கு 28 சதவிகிதம் என்று இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய பெட்டிக்கும் 18 சதவிகிதம் ஆனது. கம்ப்யூட்டர் திரைகளுக்கும் இந்தக் குறைப்பு உண்டு.

வீடு தேடி வந்த பெட்டி

தமிழ்நாட்டில் இந்த விலை இறக்கத்தின் பலன் எல்லாக் குடிசைக்கும் போய்ச் சேர்ந்த ஒரு காலம் உண்டு. 2006 செப்டம்பர் 15-ந் தேதி முதல்வர் கருணாநிதி இலவசக் கலர் டெலிவிஷன் திட்டத்தைத் தொடங்கினார். ஐந்து ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான குடும்பங்களுக்கு 14 அங்குலப் பெட்டி கிடைத்தது.

அந்த நேரத்தைக் கவனியுங்கள். உலகம் தட்டைத் திரைக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. 2007-ன் கடைசி மூன்று மாதங்களில்தான் உலகச் சந்தையில் எல்.சி.டி. பெட்டி குழாய்ப் பெட்டியை முந்தியது. பணக்கார நாடுகளில் குழாய்க்கு மவுசு போய்விட்டது. குழாய்ப் பெட்டியின் விலை தரை தட்டிவிட்டது. 1982-ல் மாளிகையில் இருந்த கலர்ப் பெட்டி இருபத்தைந்து ஆண்டு கழித்துக் கூரை வீட்டுக்குள் வந்ததற்கு அந்த விலை இறக்கமும் ஒரு துணை.

கம்ப்யூட்டர் திரையும் இதே பாதையில் வந்தது. மேஜை முழுவதையும் அடைத்துக்கொண்ட குழாய்த் திரை 2000-க்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே ஆபீஸ்களிலிருந்து விடைபெற்றது. மெல்லிய திரை மலிந்ததால்தான் மடிக் கணினியும் மலிந்தது. 2011 செப்டம்பர் 15-ல் முதல்வர் ஜெயலலிதா மாணவர்களுக்கு இலவச மடிக் கணினித் திட்டத்தைத் தொடங்கினார். கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் பல லட்சம் பேர் கையில் முதல் கம்ப்யூட்டர் அப்படித்தான் வந்தது.

14 அங்குலத்துக்கும் 32 அங்குலத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்? இரண்டேகால் மடங்கு என்று நினைக்காதீர்கள். அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. பரப்பளவில் 32 அங்குலப் பெட்டி நாலரை மடங்கு பெரியது!

யாருக்கு நஷ்டம்?

விலை இறங்கினால் வாங்குகிறவருக்குச் சந்தோஷம். விற்கிறவருக்கு?

1997-ல் அமெரிக்காவில் 42 அங்குல 'பிளாஸ்மா' பெட்டி 15,000 டாலருக்கு விற்றது. அன்றைய நம் பணத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல்! அந்தப் பிளாஸ்மாவே எல்.சி.டி.யின் விலைப் போட்டியில் மடிந்தது. பானாசோனிக் கம்பெனி 2013 கடைசியில் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது. பயனியர் கம்பெனி அதற்கு முன்பே டெலிவிஷன் தொழிலை விட்டது. கொரியாவின் சாம்சங், எல்.சி.டி. திரை செய்வதை 2022-ல் விட்டது. ஜப்பானில் ஷார்ப் கம்பெனியின் சக்காய் ஆலை உலகத்திலேயே பெரிய தகடு ஓடிய ஆலையாக 2009-ல் தொடங்கியது. 2024-ல் டெலிவிஷன் திரை உற்பத்தி அங்கே நின்றது.

நம் ஊரிலும் நஷ்டப்பட்டவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் டி.வி. மெக்கானிக்.

குழாய்ப் பெட்டியில் கோடு விழுந்தால் மெக்கானிக் வருவார். பின்மூடியைக் கழற்றுவார். பற்ற வைக்கும் கோல், ஈயம், ஒரு சின்னச் சாமான். நூறு இருநூறு ரூபாயில் பெட்டி பேசும். பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு ஓடும்.

இன்றைய பெட்டியில் விளக்குப் பட்டை போனால் மாற்றலாம். கரண்டுப் பலகை போனால் மாற்றலாம். ஆனால் 'பேனல்' உடைந்தால்? பிள்ளை விட்டெறிந்த பந்து ஒன்று போதும். பேனலின் விலையே புதுப் பெட்டியின் விலையை நெருங்கிவிடும். "புதுசே வாங்கிக்கோங்கண்ணே" என்று மெக்கானிக்கே சொல்லிவிடுகிறார். அந்த ஒரு வார்த்தையில் அவருடைய பிழைப்பும் போகிறது.

இதைக் கணக்கில் சேர்க்காமல் "விலை இறங்கிவிட்டது" என்று மட்டும் சொன்னால் அது பாதிக் கணக்குத்தான்.

அடுத்து வருவது என்ன?

இப்போது கடையில் 'ஓ.எல்.இ.டி.' என்று ஒரு பெட்டி இருக்கிறது. இதில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடும். இருட்டு என்றால் அசல் இருட்டு. 1987-ல் கோடக் கம்பெனி விஞ்ஞானிகள் டாங், வான் ஸ்லைக் இருவரும் இதற்கு வழி காட்டினார்கள்.

2007-ல் சோனி கம்பெனி 11 அங்குல ஓ.எல்.இ.டி. பெட்டியை ஜப்பானில் விற்றது. விலை இரண்டு லட்சம் யென். 2013-ல் எல்.ஜி. கம்பெனியின் 55 அங்குலப் பெட்டி அமெரிக்காவில் 15,000 டாலர். அடுத்த ஆண்டே அதே கம்பெனியின் 55 அங்குலப் பெட்டி 3,500 டாலர். ஒரே ஆண்டில் கால் பங்குக்கும் கீழே! முதல் ஆண்டு வாங்கியவர் வயிறு எரிந்திருக்காதா?

அதற்கும் அப்பால் 'மைக்ரோ எல்.இ.டி.' வந்திருக்கிறது. சாம்சங் கம்பெனி 2023-ல் இந்தியாவில் கொண்டுவந்த 110 அங்குலப் பெட்டியின் விலை ஒரு கோடியே பதினான்கு லட்சத்துக்கு மேல்! ஒரு பங்களாவின் விலை. இன்று நாம் வேடிக்கைதான் பார்க்கலாம்.

ஆனால் சரித்திரம் ஒரு பாடம் சொல்கிறது. கலர்ப் பெட்டி அப்படித்தான் வந்தது. எல்.சி.டி. அப்படித்தான் வந்தது. முதலில் பணக்காரர் வாங்கினார். ஆலை பழகுவதற்கான செலவை அவர் கொடுத்தார். பழகிய பிறகு மலிவாக நாம் வாங்கினோம். எல்லாப் புதுமையும் இப்படிப் பிழைப்பதில்லை. பிளாஸ்மா போல் நடுவில் மறைவதும் உண்டு. பொறுத்திருப்பவருக்கு இரண்டு லாபம். விலையும் இறங்கும், எது நிலைக்கும் என்பதும் தெரியும்.

கடன் வாங்கிப் பெட்டியா?

இப்போது நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். இதுதான் முக்கியம்.

கடன் வாங்கி நிலம் வாங்குகிறோம். நிலம் ஏறும். கடன் வாங்கி நகை வாங்கினால்கூட நகை ஏறும் என்று ஒரு சமாதானம் உண்டு. கடன் வாங்கி டெலிவிஷன் வாங்கினால்? வாங்கிய நாள் முதல் பெட்டியின் விலை இறங்கும், வட்டி ஏறும். இரண்டு பக்கமும் நஷ்டம்!

ஒரு கணக்குப் பாருங்கள். 30,000 ரூபாய்ப் பெட்டி. கையில் காசு இல்லை. தெரிந்தவரிடம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டிக்கு வாங்குகிறோம். மாதம் 600 ரூபாய் வட்டி. ஓராண்டில் வட்டி மட்டும் 7,200 ரூபாய். அசல் அப்படியே நிற்கிறது. அந்த வட்டிப் பணத்தோடு இன்னும் சில ஆயிரம் சேர்த்தால் ஒரு 32 அங்குலப் பெட்டியே ரொக்கத்துக்கு வாங்கியிருக்கலாமே!

"வட்டியே இல்லாத மாதத் தவணை" என்று கடையில் சொல்வார்கள். நல்லதுதான். ஆனால் மூன்று கேள்வி கேளுங்கள். "ரொக்கம் கொடுத்தால் என்ன விலை? தவணைக்கு எழுத்துக் கூலி எவ்வளவு? ஒரு தவணை தவறினால் என்ன அபராதம்?" மூன்றுக்கும் பதில் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு

தீபாவளி போனஸ் வந்து, பெட்டி வாங்கத்தான் போகிறோம் என்றால், இவற்றை மனசில் வையுங்கள்.

அறையை அளந்து பாருங்கள். நாற்காலிக்கும் பெட்டிக்கும் ஐந்தாறு அடிதான் தூரம் என்றால் 32 அங்குலமே போதும். கடையின் பெரிய கூடத்தில் சின்னதாகத் தெரியும் பெட்டி, வீட்டில் பெரிதாகத் தெரியும்.

போன வருஷ மாடலைக் கேளுங்கள். புதிய மாடல் வந்ததும் பழையதன் விலை இறங்கும். படத்தில் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது.

பேனலுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று தனியாகக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். பழுது பார்க்கும் நிலையம் ராஜபாளையத்திலோ சிவகாசியிலோ இருக்கிறதா என்று கேளுங்கள். மதுரைக்குத் தூக்கிப் போக வேண்டும் என்றால் யோசியுங்கள்.

மின்சாரச் சிக்கன நட்சத்திரங்களை எண்ணிப் பாருங்கள். பழைய 21 அங்குலக் குழாய்ப் பெட்டி 80 முதல் 100 வாட் வரை இழுக்கும். 32 அங்குல எல்.இ.டி. பெட்டி அதில் பாதிதான்.

படிக்கிற பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் திரை வேண்டுமா? பெரிய டெலிவிஷனை மாட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதற்கு 22 அங்குல 'ஃபுல் எச்.டி.' கம்ப்யூட்டர் திரையே நல்லது. மலிவான 32 அங்குலப் பெட்டியில் புள்ளிகள் குறைவு, எழுத்து உடைந்து தெரியும், கண்ணுக்குக் கஷ்டம்.

பழைய குழாய்ப் பெட்டியை என்ன செய்வது? தயவு செய்து உடைக்காதீர்கள்! அந்தக் கண்ணாடியில் காரீயம் கலந்திருக்கிறது. காற்று உறிஞ்சிய குழாய் உடைந்தால் கண்ணாடி தெறிக்கும். காயலான் கடையில் செம்புக்காக அதை உடைக்கும் இடத்தில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள். மண்ணில் போட்டால் ஈயம் மண்ணில் சேரும். 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, கழிவை முறையாக அழிக்கும் பொறுப்பு கம்பெனிகளுக்கு உண்டு. புதுப் பெட்டி வாங்கும் கடையிலேயே "பழசை எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேளுங்கள்.

அவசரம் வேண்டாம்

பக்கத்து வீட்டில் 55 அங்குலம் மாட்டிவிட்டார்கள். பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்யும்.

பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஆறு பவுன் பெட்டி ஒரு கிராமுக்கு வந்த கதையை, ஒரே ஆண்டில் 15,000 டாலர் 3,500 டாலர் ஆன கதையைச் சொல்லுங்கள். பிறகு ஒரு உண்டியலை எடுத்து வைத்து, மாதம் ஆயிரம் ரூபாய் போடச் சொல்லுங்கள். பத்து மாதத்தில் உண்டியலில் பத்தாயிரம் சேரும். கடன் ஒரு ரூபாயும் இருக்காது. அன்று குடும்பத்தோடு கடைக்குப் போய், ரொக்கம் எண்ணி வைத்துப் பேரம் பேசுங்கள்!